கிணத்து தண்ணியில் யுரேனியம் இருந்தா சுரங்கம் வந்துடுமா?

குலசேகரன்பட்டினம் என்றாலே முத்தாரம்மன் கோவில் தசரா தான் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே செக்கச் சிவந்த தேரி மணல். இந்த மணலில் டைட்டானியம் தரும் இல்மனைட் இருக்கிறது. அதை எடுக்கத்தான் டாடா நிறுவனம் 2002-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. சாத்தான்குளம் பகுதியில் நிலம் எடுக்க 2007-ல் கடும் எதிர்ப்பு கிளம்பியதால் திட்டம் நின்று போனது.

கடற்கரை மணலில் இல்மனைட்டோடு மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். அதில் தோரியமும், கொஞ்சம் யுரேனியமும் உண்டு. "அப்போ நம்ம கிணத்து தண்ணியிலும் யுரேனியம் இருக்குமா? இருந்தா சுரங்கம் வந்துடுமா?" என்ற சந்தேகம் இங்கிருந்துதான் வருகிறது.

தண்ணீரில் எப்படி கலக்கிறது?

மோனசைட் லேசில் தண்ணீரில் கரையாது. நிலத்தடி நீரில் யுரேனியம் பெரும்பாலும் கருங்கல் போன்ற பாறைகளில் இருந்துதான் கரைந்து வருகிறது. அளவுக்கு மீறி போர் போட்டு உறிஞ்சுவதும், உரத்தில் இருந்து இறங்கும் நைட்ரேட்டும் இதை அதிகப்படுத்தும்.

ஒரு லிட்டர் குடிநீரில் 30 மைக்ரோ கிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கிராமை 10 லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ கிராம். அளவு தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் கிட்னி பாதிக்கும். கொதிக்க வைத்தால் போகாது. ஆர்.ஓ. மெஷின் பெருமளவு நீக்கும்.

தண்ணீரை நம்பி யாரும் பணம் போட மாட்டார்கள்

ஆந்திராவில் கடப்பா மாவட்டம் தும்மலப்பள்ளியில் மத்திய அரசின் யுரேனிய சுரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு டன் பாறையில் கிடைப்பது அரை கிலோவுக்கும் குறைவு, சுமார் 400 கிராம். 30 மைக்ரோ கிராம் உள்ள தண்ணீரில் இருந்து அதே 400 கிராம் எடுக்க, 12 ஆயிரம் லிட்டர் லாரியில் ஆயிரம் லோடுக்கு மேல் வேண்டும். ஆக, கிணத்து தண்ணியைப் பார்த்து யாரும் கோடிக்கணக்கில் முதலீடு செய்வதில்லை. பாறையையும் மணலையும் சோதித்துத்தான் செய்வார்கள்.

உஷாராக வேண்டியது எங்கே?

தும்மலப்பள்ளியில் ஆலைக் கழிவு குட்டையால் கிணறுகள் கெட்டுவிட்டதாக விவசாயிகள் புகார் சொன்னார்கள். ஆலை தரப்பு மறுத்தது. இந்த மாதிரி தகராறில் "முன்னாடியே இயற்கையா இருந்ததா, ஆலை வந்த பிறகு கலந்ததா?" என்பதுதான் கேள்வி. பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

தமிழகத்தில் கடற்கரை தாது மணல் அள்ள 2013-ல் மாநிலம் முழுவதும் தடை போடப்பட்டது. 2019 முதல் தனியாருக்கு இந்த கனிமங்களை எடுக்க உரிமை கிடையாது. அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. அதனால் எந்த திட்டம் பேச்சுக்கு வந்தாலும், மண்ணில் கை வைக்கும் முன்பே ஊர் கிணறுகளை சோதித்து, தேதியோடு எழுதி வைப்பது நல்லது.

வழக்கமான குடிநீர் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளூரைடு தான் பார்ப்பார்கள். யுரேனியம் பார்க்கணும் என்று தனியாக கேட்க வேண்டும். அந்த ஒரு பேப்பர்தான் நாளைக்கு ஊருக்கு சாட்சி.