காப்பியும் களைப்பும்

உழைத்துக் களைத்தவர் ஒரு குவளை காப்பி அருந்தியதும் ஊக்கம் பெறுகின்றனர். காப்பி அவர்களுக்குப் புதிய வலிமையை அளித்ததா? இல்லை, களைப்பை அவர்கள் உணராதவாறு மறைத்தது. அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பியூரின் என்பது ஒரு வேதிப்பொருட் குடும்பத்தின் பெயர். ஐந்து கார்பன் அணுக்களும் நான்கு நைட்ரஜன் அணுக்களும் சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிய இரு வளையங்களாக அமைந்திருத்தலே இக்குடும்பத்தின் அடையாளமாகும். இதற்குப் பெயரிட்டவர் எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர். சர்க்கரைகளையும் பியூரின்களையும் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டியமைக்காக, 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

நம் உடலில் பியூரின்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று அடினைன். அது ரைபோஸ் என்னும் சர்க்கரையோடு சேர்ந்தால் அடினோசின் ஆகும். உயிரணுக்கள் தம் பணிகளுக்கு வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து பெறுகின்றன. அப்பொருள் செலவாகுங்கால் அடினோசின் தோன்றுகிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் பெருகும். நரம்பணுக்களின்மேல் அதற்கென அமைந்த ஏற்பிகளில் அது பொருந்தி, அவற்றின் விரைவைத் தணிக்கும். ‘இனி ஓய்வு கொள்க’ என்று உடல் விடுக்கும் ஓலை அதுவே.

காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனும் பியூரின் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1819ஆம் ஆண்டில் ருங்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் காப்பிக்கொட்டையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். உருவ ஒற்றுமையால் காஃபீன், அடினோசினுக்கு உரிய ஏற்பியில் சென்று அமர்கிறது. ஆனால், அதன் தொழிலைச் செய்வதில்லை. பொருந்தாத திறவுகோல் பூட்டின் துளையை அடைத்துக்கொண்டால், உரிய திறவுகோலுக்கு அங்கு இடம் ஏது? உடல் விடுத்த ஓலை வாயிலிலேயே நின்றுவிடுகிறது. காஃபீன் நீங்கியதும் களைப்பு மீண்டும் தலைகாட்டுகிறது.

உட்கொண்ட காஃபீனில் பாதி நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆதலால், மாலையில் அருந்திய காப்பி இரவு உறக்கத்தையும் கெடுக்கக்கூடும். தேர்வுக் காலத்தில் மாணவர் சிலர் காப்பியின் துணையால் இரவு முழுதும் கண்விழிக்கின்றனர். கற்றவை நினைவில் நிலைத்து நிற்க உறக்கம் பெரிதும் துணைசெய்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கடன்சீட்டை ஒளித்து வைப்பதால் கடன் தீர்ந்துவிடாது. களைப்பாகிய கடனைத் தீர்க்க வல்லது உறக்கம் ஒன்றே.