பொம்மையின் காலடியில் ஓர் உலகம்!

நாணயம் அளவு இடத்தில் கடலும் கரையும் செய்வது எப்படி?

நவராத்திரியில் கொலு பார்க்கப் போகிறோம். படி நிறையப் பொம்மைகள். ராஜா இருக்கிறார், ராணி இருக்கிறார், செட்டியாரும் இருக்கிறார். ஆனால் குழந்தைகள் எங்கே கூட்டமாக நிற்கிறார்கள் என்று கவனித்ததுண்டா?

படிக்குக் கீழே, தரையில்!

அங்கே மண்ணைக் கொட்டி, கேழ்வரகை முளைக்கவிட்டு, வயல் செய்திருப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம் ஆக்கியிருப்பார்கள். குளத்தில் ஒரு வாத்து. கரையில் ஒரு குடியானவன். படியில் நின்றால் அவன் வெறும் மண் பொம்மை. வயலில் நின்றால் அவனுக்கு ஓர் ஊர் உண்டு, வேலை உண்டு.

கிறிஸ்துமஸ் குடிலிலும் இதே கதைதான். வைக்கோலும் மணலும் இல்லாவிட்டால் குடில் ஏது?

பொம்மை நிற்கும் இடம்தான் பொம்மைக்கு உயிர் கொடுக்கிறது. இந்த இடத்தைத்தான் "பீடம்" என்கிறோம்.

விரல் உயர வீரர்கள்

வயலையும் குளத்தையும் கூடம் நிறையச் செய்வது சுலபம். ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் செய்ய முடியுமா?

முடியும்! உலகம் முழுவதும் பலர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அவர்களுடைய பொம்மைகள் கட்டை விரலின் பாதி உயரம்தான். வாள் ஏந்திய வீரன், தாடி வைத்த மந்திரவாதி, குள்ளன், பூதம், நெருப்புக் கக்கும் பறவை நாகம். எல்லாம் மாயக் கதைகளில் வருகிறவர்கள். இவர்களை வாங்கி, வர்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து விளையாடுகிறார்கள்.

பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாடுவது பழைய வழக்கம். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டிலேயே அதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். 1974-இல் அமெரிக்காவில் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற மாயக்கதை விளையாட்டு வந்தது. 1983-இல் இங்கிலாந்தில் "வார்ஹாமர்" வந்தது. விளையாட்டுகள் பரவப் பரவ, பொம்மைகளும் பரவின.

இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் ஒரு வட்டமான தட்டின்மேல் நிற்கின்றன. குறுக்களவு 25 மில்லி மீட்டர், அதாவது ஓர் அங்குலம். அந்தத் தட்டுதான் பீடம். அதை மொட்டையாக விட்டால், வர்ணம் தீட்டிய வீரனும் தட்டில் வைத்த பலகாரம்போல் இருப்பான்!

60-ல் ஒரு பங்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது பெரியபட்டினம். அந்த ஊரில் ஒரு பையன் இந்தக் கலையைப் பழகத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு வேண்டும்.

பொம்மையின் உயரம் 28 மில்லி மீட்டர். அதை 60-ஆல் பெருக்கினால் ஐந்தரை அடி. அதாவது பொம்மை மனிதன் நம்மில் 60-ல் ஒரு பங்கு. அவன் கண்ணால் உலகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லி மீட்டர் மணல் அவனுக்குக் கோழி முட்டை அளவு கல். மிளகு அளவு கல் அவனுக்கு ஓர் அடிப் பாறை. ஓர் அங்குலச் சங்கு அவனுக்கு ஐந்து அடி உயரம்! மனிதன் உயரத்துக்குச் சங்கு உண்டா என்று கேட்காதீர்கள். மாயக் கதையில் எல்லாம் உண்டு.

ஐம்பது அடிப் பனைமரம் வைக்க ஆசைப்பட்டால், அது பத்து அங்குலம் இருக்க வேண்டும். நாணயம் அளவு பீடத்தில் அது நிற்காது. ஆகவே மரத்தை விட்டுவிட்டு, விழுந்து கிடக்கும் ஒரு துண்டு மட்டையை வைத்தால் போதும். பார்க்கிறவர்கள் மரத்தைத் தாங்களே நினைத்துக்கொள்வார்கள்.

மண்ணை அரிசிபோல் களைய வேண்டும்

அடுத்தது மண். வீடு கட்டும் இடத்தில் சிந்திக் கிடக்கும் ஆற்று மணல் ஒரு கைப்பிடி போதும்.

கடல் மணல்தான் கிடைக்கும் என்றால், அதை அப்படியே ஒட்டக் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சில மாதத்தில் வர்ணத்தின்மேல் வெள்ளை பூக்கும், வர்ணம் உரியும். கடற்கரை ஊர்களில் வீட்டுச் சுவர் உரிவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அரிசி களைவதுபோல் நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை களைய வேண்டும். வெயிலில் காய வைக்க வேண்டும். பிறகு தேநீர் வடிகட்டியில் சலித்தால், நைசு மணல் கீழே விழும். பருக்கை மேலே நிற்கும். இரண்டும் வேண்டும்.

வேலை செய்யும் முறை

மர வேலைக்காரர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைப் பீடத்தில் தடவ வேண்டும். பொம்மையின் காலில் படக் கூடாது. முதலில் ஒரே ஒரு பெரிய கல். அதைச் சார்ந்து இரண்டு மூன்று சிறு கற்கள். மற்ற இடமெல்லாம் மணல். வயற்காட்டில் போய்ப் பாருங்கள். பெரிய பாறையின் காலடியில்தான் சிறு கற்கள் கிடக்கும்.

பசை காய ஓர் இரவு ஆகும். அவசரப்பட்டால் மறுநாள் மணல் உதிரும். காய்ந்த பிறகு, பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மேலே ஒரு சொட்டுச் சொட்டாக விட்டால், மணல் கல்போல் இறுகும்.

இனி வர்ணம். "மணலுக்கு எதற்கு வர்ணம்? அது மணல் நிறமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். வெயிலில் கிடக்கும் மண்ணில் மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும் தெரியும். அந்த நிழல் நாணயம் அளவு இடத்தில் தானாக வராது. நாம்தான் போட வேண்டும்.

முதலில் முழுவதும் கரும்பழுப்பு பூச வேண்டும். காய்ந்ததும் வெளிர் வர்ணத்தைப் பிரஷில் தொட்டு, அதைப் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வர்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்வரை துடைக்க வேண்டும்! பிறகு அந்தக் காய்ந்த பிரஷால் மணலின்மேல் லேசாக வருட வேண்டும். மேடான இடத்தில் மட்டும் வர்ணம் ஒட்டும். பள்ளம் கறுப்பாகவே நிற்கும். இத்தனை நேரம் சேறுபோல் இருந்தது, ஒரு நிமிடத்தில் நிலமாகும். பழகுகிறவர் துள்ளிக் குதிக்கும் கட்டம் இதுதான்.

கடைசியில் புல். புதியவர்கள் பீடம் முழுவதும் பச்சையை அப்பிவிடுகிறார்கள். ராமநாதபுரம் சீமையில் அப்படியா புல் முளைக்கிறது? ஒரு குத்து இங்கே, ஒரு குத்து அங்கே. அதுவும் வெயிலில் பழுத்து வைக்கோல் நிறம். தேங்காய் நாரில் நாலு இழையை அரை அங்குலம் வெட்டி, நுனியைப் பசையில் தோய்த்து நட்டால் அச்சு அசலாக இருக்கும். தட்டின் விளிம்பை மட்டும் சுத்தமாகத் துடைத்து, ஒரே கறுப்பாகத் தீட்டிவிட வேண்டும். படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் ஆகிவிடும்.

கை வைக்கக் கூடாத அழகு

இனிதான் முக்கியமான விஷயம்.

மாயக் கதைக்கு விசித்திரமான பொருள்கள் வேண்டும். பெரியபட்டினம் பையன் கடற்கரைக்குப் போகிறான். அலை ஒதுக்கிய பவளத் துண்டு கிடக்கிறது. மந்திரவாதியின் கோட்டைக்கு அதைவிடப் பொருத்தமான பாறை ஏது? கடல் விசிறி கிடக்கிறது. பேய் மரம் அப்படியே அதுதான்! காய்ந்த கடல் குதிரை கிடைத்தால் சொல்லவே வேண்டாம். குட்டி நாகம் தயார்.

எதையும் தொடக் கூடாது!

பவளம் கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு அது. கட்டியாக வளரும் பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். பீடம் அளவு ஒரு துண்டு உருவாக, அந்த உயிர்கள் இரண்டு மூன்று ஆண்டு உழைக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் பக்கம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். கீழக்கரைத் தீவுக் கூட்டத்தில் அப்பா தீவு, தலையாரித் தீவு, ஆனைப்பார் முதலியவை இருக்கின்றன. பூவரசன்பட்டி என்று ஒரு தீவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இன்று அது தண்ணீருக்கு மேலே இல்லை! தூத்துக்குடிப் பக்கத்தில் விலாங்குச்சல்லியும் மூழ்கிவிட்டது.

ஏன் மூழ்கின? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவர் போயிற்று. அலை தீவையே அரித்தது. ஒரு தீவின் பீடம் பவளம். பீடத்தை உடைத்தால் தீவு எங்கே நிற்கும்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-இல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் புலிக்குச் சமமாக முதல் பட்டியலில் சேர்த்தார்கள். குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. பொம்மைக்காகச் சிறைக்குப் போவார்களா?

காலிச் சங்கு என்று எடுப்பதும் யோசிக்க வேண்டிய காரியம். உள்ளே நண்டு குடியிருக்கலாம். சிப்பி வேண்டும் என்றால், சமையலுக்கு வாங்கிய மட்டியின் ஓடு அடுப்படியிலேயே கிடைக்கும்.

சீனத் தட்டின் சில்லு

கரையில் மட்டும் அல்ல, பெரியபட்டினத்து மண்ணுக்குள்ளும் கை வைக்கக் கூடாத பொருள் உண்டு.

இந்த ஊர் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு செய்தார்கள். 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா அவற்றை ஆராய்ந்தார். சீனாவுக்கும் இந்தக் கரைக்கும் கப்பல் போக்குவரத்து இருந்ததற்கு அந்த உடைசல்கள்தான் சாட்சி.

பச்சை மெருகு பூசிய சில்லைக் கண்டால் பொம்மைப் பையனுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் சரித்திரம் இருக்கிறது. பெயர்த்துக்கொண்டு போனால் அது வெறும் ஓடு. அதைக் கிடந்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதுதான் முறை.

எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது

அப்படியானால் மாயக் கடலை எப்படிச் செய்வது?

குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீலை உருட்டி, கிளைகிளையாக நீட்டி, தையல் ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தினால் பவளம்! கையுறை போட்டுக்கொள்வது நல்லது. காய்ந்ததும் சிவப்புத் தீட்டி, காய்ந்த பிரஷால் வெள்ளையை வருடினால் கடலில் எடுத்ததுபோலவே இருக்கும்.

அரச இலையைச் சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் சதை அழுகிக் கரைந்து, நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அதில் ஒரு துண்டு வெட்டி நட்டால் கடல் விசிறி!

வீட்டில் உடைந்த நீலக் கோப்பை இருக்கிறதா? அதில் ஐந்து மில்லி மீட்டர் சில்லு போதும். பொம்மை மனிதனுக்கு அது ஓர் அடி அகலச் சீனத் தட்டு. மணலில் பாதி புதைத்து, பக்கத்தில் ஒரு துண்டு பனை நாரைப் போட்டால், எழுநூறு ஆண்டுக்கு முன் கப்பல் உடைந்து ஒதுங்கிய கரை தயார். அதன்மேல் எந்த வீரனை நிறுத்தினாலும் அவனுக்கு ஒரு கதை பிறந்துவிடும்.

வெளிநாட்டில் இதற்கென்று டப்பா டப்பாவாகப் புல்லும் கல்லும் விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் அந்தப் பச்சைப் புல் இங்கிலாந்துப் புல். நம் வெயிலும், நம் மணலும், நம் பனை நாரும் அந்த டப்பாவில் இல்லை.

பிள்ளைகளிடம் மாயப் பொம்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் செய்யும் சிறு மண் பொம்மை ஒன்று போதும். ஒரு சோடா மூடியில் பசை தடவி, மணல் ஒட்டி, அதன்மேல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மணலை எங்கே எடுத்தாய் என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்.