தொடர்புப் போக்கு மாதிரியின் பொருத்தத்தை மேம்படுத்தல்

தொடர்புப் போக்கு மாதிரியின் பொருத்தத்தை மேம்படுத்தல் என்பது, தரவுகளுடன் போதிய அளவு இணங்காத ஒரு சமன்பாட்டை, அந்த இணக்கமின்மையின் காரணத்தைக் கண்டறிந்து திருத்தும் செயன்முறை ஆகும். புள்ளியியலைப் புதிதாகப் பயில்வோர் பலர், தீர்மானக் கெழு என்னும் ஓர் எண்ணை உயர்த்துவதையே இதன் நோக்கமாகக் கொள்கின்றனர். ஆனால் மாதிரி சிறிதும் மேம்படாமலே அவ்வெண் உயரக்கூடும். மாதிரி மேம்பட்ட பின்னரும் அது ஏறத்தாழ அப்படியே இருக்கக்கூடும். கீழே விளக்கப்படும் எடுத்துக்காட்டில் இவ்விரண்டையும் காணலாம்.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு சாரா மாறியைக் கொண்டு சார்ந்த மாறியின் மதிப்பைக் கணிக்கும் சமன்பாடே தொடர்புப் போக்கு மாதிரி ஆகும். அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடு எச்சம் எனப்படும். எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகச் சிறியதாக அமையுமாறு கெழுக்களைத் தேர்வது மீச்சிறு வர்க்க முறை ஆகும். இம்முறையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெழாந்தர் 1805ஆம் ஆண்டில் வெளியிட்டார். சார்ந்த மாறியில் காணப்படும் மொத்த மாறுதலில் எவ்வளவு பங்கை மாதிரி விளக்குகிறது என்பதைத் தீர்மானக் கெழு கூறுகிறது. வழக்கமான மாதிரிகளில் அதன் மதிப்பு 0 முதல் 1 வரை அமையும்.

எடுத்துக்காட்டு: தானுந்தின் வேகமும் நிற்கும் தொலைவும்

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியுடன் வழங்கப்படும் தரவுத் தொகுதிகளுள் ஒன்று, 1920களில் பதிவு செய்யப்பட்ட 50 அளவீடுகளைக் கொண்டது. இத்தரவுகள் எசக்கியேல் 1930இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றவை. தானுந்தின் வேகம் (மணிக்கு 4 முதல் 25 மைல் வரை), அது நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தொலைவு (2 முதல் 120 அடி வரை) ஆகிய இரண்டு மட்டுமே இதில் உள்ளன. நேர்கோட்டைப் பொருத்தினால் கிடைப்பது:

தொலைவு = −17.58 + 3.93 × வேகம்

இதன் தீர்மானக் கெழு 0.65. எச்சங்களின் திட்டப்பிழை 15.38 அடி. மணிக்கு 4 மைல் வேகத்தில் செல்லும் தானுந்து நிற்பதற்கு இக்கோடு தரும் தொலைவு ஏறத்தாழ −1.9 அடி. அதாவது, தடையை அழுத்துவதற்கு முன்னரே வண்டி நின்றுவிட்டது என்று பொருள்படும். இத்தகைய பொருந்தாமையைத் தீர்மானக் கெழு காட்டித் தராது. கணித்த மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கே அது புலப்படும்.

எச்சங்களை ஆராய்தல்

முதலிற் செய்ய வேண்டியது எச்சங்களை வரைபடமாக இடுவது. 1973இல் அன்சுகோம்பு என்னும் புள்ளியியலாளர் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்கிலும் சராசரிகள், பொருந்தும் நேர்கோடு, தீர்மானக் கெழு ஆகியவை ஏறத்தாழ ஒன்றே. வரைபடங்களோ முற்றிலும் வேறுபட்டவை. எண்களை மட்டும் நம்புவோருக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை இல்லை.

தானுந்துத் தரவின் எச்சங்களில் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று, வேகம் மிகக் குறைந்த இடத்திலும் மிகுந்த இடத்திலும் எச்சங்கள் பெரும்பாலும் நேர் மதிப்பாகவும், இடைப்பட்ட வேகங்களிற் பல எதிர் மதிப்பாகவும் உள்ளன. இது வளைவைக் குறிக்கும். மற்றொன்று, வேகம் கூடக்கூட எச்சங்களின் சிதறலும் விரிகிறது. முதலாவது, சமன்பாட்டின் வடிவம் பற்றியது. இரண்டாவது, எல்லா அளவீடுகளும் ஒரே அளவு நம்பகமானவை என்ற மீச்சிறு வர்க்க முறையின் கருதுகோள் பற்றியது. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

எட்டக்கூடிய உச்ச வரம்பு

தொடக்கநிலை நூல்கள் பல இதனை வலியுறுத்துவதில்லை. மணிக்கு 14 மைல் வேகத்தில் நான்கு அளவீடுகள் உள்ளன: 26, 36, 60, 80 அடி. வேகத்தை மட்டும் அறிந்த எந்தச் சமன்பாடும் இந்நான்குக்கும் ஒரே விடையைத்தான் தர முடியும். ஆகவே இந்த வேறுபாட்டின் பிழை நீங்காது. ஒவ்வொரு வேகத்துக்கும் அதன் சராசரியையே கணிப்பாகக் கொண்டாலும், எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 6,765க்குக் கீழே இறங்காது. மொத்த மாறுதல் 32,539. எனவே தீர்மானக் கெழு 0.79ஐத் தாண்ட வழியில்லை.

நேர்கோடு 0.65ஐ ஏற்கெனவே எட்டிவிட்டது. அதன் வர்க்கக் கூட்டுத்தொகையாகிய 11,354க்கும் 6,765க்கும் இடையேயான வேறுபாட்டைச் சோதித்தால் எஃப் மதிப்பு ஏறத்தாழ 1.24 மட்டுமே. நேர்கோடு தவறு என்று மெய்ப்பிக்க இது போதாது. இங்கு பொருத்தம் குறைவாகத் தோன்றுவதற்குப் பெரும் காரணம் தரவின் இயல்பான சிதறலே. வண்டியின் எடை, தடையின் நிலை, சாலையின் தன்மை போன்றவை அட்டவணையில் இல்லாதவரை அச்சிதறல் குறையாது.

சமன்பாட்டின் வடிவத்தை மாற்றுதல்

அப்படியாயின் வடிவத்தை மாற்றுவது ஏன்? இயற்பியல் அதற்குக் காரணம் தருகிறது. ஓட்டுநர் எதிர்வினை ஆற்றும் நேரத்தில் வண்டி கடக்கும் தொலைவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். தடை செயற்பட்ட பின் கடக்கும் தொலைவு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் சுழியானால் தொலைவும் சுழியே, எனவே மாறிலி தேவையில்லை. இவ்வடிவத்தைப் பொருத்தினால்:

தொலைவு = 1.24 × வேகம் + 0.090 × வேகம்²

அளந்த தொலைவில் எதிர்வினைத் தொலைவும் அடங்கியிருப்பின், முதற்கெழுவிலிருந்து எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.84 நொடி என்றும், இரண்டாம் கெழுவிலிருந்து வேகத் தளர்ச்சி நொடிக்கு நொடி ஏறத்தாழ 3.6 மீட்டர் என்றும் கணக்கிடலாம். இரண்டும் நம்பத்தக்க அளவுகளே. ஆயினும் முதற்கெழுவின் திட்டப்பிழை 0.56 ஆகையால் 0.84 என்பதைத் துல்லிய அளவீடாகக் கொள்ளக்கூடாது.

எச்சங்களின் திட்டப்பிழை 15.38 அடியிலிருந்து 15.02 அடியாகக் குறைந்தது, அவ்வளவே. ஆனால் எதிர்மறைத் தொலைவு மறைந்தது, கெழுக்களுக்கும் பொருள் கிடைத்தது.

விரியும் சிதறலுக்கு, தொலைவின் வர்க்கமூலத்தைச் சார்ந்த மாறியாகக் கொள்வது ஓர் எளிய வழி. மடக்கையும் பயன்படும், ஆனால் அது மிகச் சிறிய மதிப்புகளின் வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். உயர்வேக அளவீடுகளுக்குக் குறைந்த எடை தரும் எடையிட்ட மீச்சிறு வர்க்க முறை இன்னொரு வழி.

தீர்மானக் கெழுவை ஒப்பிடுவதில் உள்ள பிழைகள்

மேற்கண்ட மாறிலியற்ற சமன்பாட்டுக்கு மென்பொருள் காட்டும் தீர்மானக் கெழு 0.91. உச்ச வரம்பே 0.79 அல்லவா என்ற ஐயம் எழுவது முறையே. மாறிலி இல்லாதபோது மென்பொருள் மொத்த மாறுதலைச் சராசரியிலிருந்து அளவிடாமல் சுழியிலிருந்து அளவிடுகிறது. அளவுகோல் 32,539இலிருந்து 1,24,903ஆக நீண்டதால் பிழையின் பங்கு சிறுத்துத் தோன்றுகிறது. மாறிலியைச் சேர்த்தால் அதே இருபடி வடிவத்தின் கெழு 0.67 மட்டுமே, எச்சங்களோ ஏறத்தாழ அவையே. வர்க்கமூல மாதிரி காட்டும் 0.71ஐயும் நேர்கோட்டின் 0.65உடன் நேரடியாக ஒப்பிடக்கூடாது. அது அடியின் மாறுதலை அன்றி அடியின் வர்க்கமூலத்தின் மாறுதலை அளக்கிறது. மாதிரிகளை ஒப்பிட, கணிப்புகளை அடிக்கு மீட்டு, ஒரே அலகில் பிழைகளை அளப்பதே பாதுகாப்பானது.

மிகைப் பொருத்தம்

படியை உயர்த்திக்கொண்டே போனால் 0.79ஐத் தொட்டுவிடலாம். இத்தரவில் 19 வேறுபட்ட வேகங்கள் உள்ளன; 18ஆம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒவ்வொரு வேகத்தின் சராசரி வழியாகவும் செல்லும். 14 மைலில் சராசரி 50.5 அடி, 15 மைலில் 33.3 அடி. ஆகவே வேகத்தைச் சற்றுக் கூட்டினால் வண்டி 17 அடி முன்னதாகவே நிற்கும் என்று அம்மாதிரி கூறும்.

14 மைலில் 80 அடி என்ற புள்ளியை நீக்கினால் இம்முரண் குறையும் என்பது உண்மை. பயில்வோர் பலரும் முதலில் நாடும் வழியும் இதுவே. பதிவில் பிழை நேர்ந்ததற்குச் சான்று இருந்தாலன்றி அதனை நீக்குவது முறையன்று. வழுக்கும் சாலையிலோ தேய்ந்த தடையுடனோ ஓடிய வண்டியாக அது இருந்திருக்கலாம். நிற்கும் தொலைவைக் கணிக்க விரும்புவோர் அறிய வேண்டியதும் அத்தகைய வண்டிகளைப் பற்றியே. புள்ளியை வைத்தும் நீக்கியும் இருமுறை பொருத்தி, கெழுக்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதை அறிக்கையிற் குறிப்பிடலாம்.