கைமாறும் படகும் காப்புறுதியும்

பழைய படகை வாங்குவோர் பலரும் முதலில் விலையைப் பேசி முடிக்கின்றனர்; பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர்; படகைத் தம் துறையில் கொண்டுவந்து கட்டிய பின்னரே காப்புறுதியை நினைக்கின்றனர். இது தலைகீழான முறை. நிறுவனம் காப்புறுதி தர மறுத்துவிடின், விற்றவரிடம் திரும்பிச் சென்று முறையிட வழியிராது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் காவலின்றி நீரில் மிதந்துகொண்டிருக்கும்.

விற்றவர் பெயரில் காப்புறுதி இருக்கிறதே, அது போதாதா என்று வினவலாம். போதாது. தனியே உடன்பாடு செய்துகொண்டாலன்றி, கலத்தோடு காப்புறுதியும் கைமாறுவதில்லை என்பது 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடற்காப்புறுதிச் சட்டம் கூறும் விதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடற்காப்புறுதிக்கு அச்சட்டமே அடிப்படை.

அவ்வாறாயின், இன்னும் தமக்குச் சொந்தமாகாத படகுக்கு ஒருவர் காப்புறுதி எடுக்க இயலுமா? இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில், தமக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத கப்பல்கள்மீது காப்புறுதி எடுத்து, அவை மூழ்குமா மூழ்காதா என்று பந்தயம் கட்டினர். கப்பல் கவிழ்ந்தால் ஆதாயம் என்றிருக்கும் இடத்தில், கவிழ்க்கும் கையும் முளைக்குமன்றோ? 1745ஆம் ஆண்டுச் சட்டம் இச்சூதைத் தடுத்தது. கலத்துக்குக் கேடு வந்தால் தமக்கு மெய்யாகவே நட்டம் உண்டாகும் என்னும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது நெறியாயிற்று. ஆயினும் அத்தொடர்பு, கேடு நேரும் வேளையில் இருந்தாற் போதும். காப்புறுதி எடுக்கும் வேளையில், அது வந்தெய்தும் என்னும் எதிர்பார்ப்பே போதும் என 1906ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே வாங்க உடன்பட்டவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

எந்நாள் முதல் என்பதே நுட்பமான செய்தி. மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிடின், பொருளின் உரிமை யாரிடமோ நட்டமும் அவரிடமே. படகு இன்னும் விற்றவரின் துறையில் கட்டப்பட்டிருக்க, உரிமை மட்டும் முன்னரே மாறியிருக்கக் கூடும். அன்றிரவு புயலில் அது மூழ்கினால் நட்டம் வாங்கியவர் தலையில் விழும். ஆதலின் உரிமை மாறும் நாளையும் நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, அந்நேரம் முதலே செல்லுபடியாகும் தற்காலிகக் காப்புச் சீட்டை நிறுவனத்திடம் பெற்றுவிடல் வேண்டும்.

பழம் படகாயின் நிறுவனங்கள் பெரும்பாலும் சர்வேயரின் அறிக்கையைக் கேட்கும். படகைக் கரையேற்றி அடிப்பகுதியைப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு மேல்தளத்தில் தலைகாட்டுவதில்லை. நாட்பட்ட தேய்மானத்தையும் எலி முதலியவற்றால் விளையும் சேதத்தையும் பொதுவாகக் காப்புறுதி ஏற்பதில்லை. எலியைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சுவையானது!

அறிக்கையில் கண்ட குறையை மறைத்தல் ஆகாது. இது பற்றிய புகழ்பெற்ற வழக்கு நமக்கு அண்மையிலுள்ள சுமத்திராவைச் சார்ந்தது. பெங்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், எதிரிகள் கோட்டையைப் பிடித்தால் ஈடு பெறும்படி இலண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்தனர். கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்ததாக எதிர்த்தரப்பார் வாதிட்டனர். 1766இல் மான்ஸ்பீல்டு பிரபு, இரு தரப்பாரும் ஒளிவின்றி நடத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை வகுத்துரைத்தார்; ஆனால் வென்றவர் கார்ட்டரே. எதிர்த்தரப்பார் தாமே அறிந்திருக்கக் கூடியதை அவர் எடுத்துரைக்கத் தேவையில்லை என்பது முடிவு. இங்கிலாந்தில் 2012, 2015ஆம் ஆண்டுச் சட்டங்கள் இக்கடமையைத் தளர்த்தின. எனினும் கேட்ட வினாவுக்குப் பொய் சொல்ல எச்சட்டமும் இடந்தரவில்லை.

முன்பணம் கொடுக்கும்போதே, சர்வேயர் அறிக்கை நிறைவாக அமைந்து காப்புறுதியும் கிடைத்தாலன்றி விற்பனை முடிவுறாது, முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளோட்டத்தின்போது சுக்கானைப் பிடிப்பவர் வாங்குபவராகவும் இருக்கக் கூடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு விற்பவரின் காப்புறுதி பொருந்துமா என்பதையும் படகில் ஏறுமுன் கேட்டறிதல் நன்று.