சூடுபட்டால் சாகுமா சிறுநீர்ப்பைக் கட்டி?

சிறுநீர்ப்பையின் உட்பரப்பில் படரும் புற்றுக்கட்டியைக் கருவி விட்டுச் சுரண்டி எடுத்தாலும் பலருக்கு அது மறுபடி முளைக்கிறது. அதைத் தடுக்க, மைட்டோமைசின் போன்ற மருந்தை கதீட்டர் வழியாகப் பைக்குள் விட்டுத் தேக்கி வைப்பார்கள். சிறுநீரிலுள்ள கழிவு உடம்புக்குள் திரும்பாமல் தடுக்கும் உட்சுவர், மருந்தையும் எளிதில் உள்ளே விடாது.

அந்தச் சுவரைச் சுமார் 42 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ரத்த ஓட்டம் கூடும், மருந்து ஆழமாக இறங்கும். மருந்தால் சிதைந்த டிஎன்ஏவைப் புற்றுச்செல் சரிசெய்துகொள்வதும் தடைபடும். 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், செல்களைக் கொல்ல ஆகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. ஒரு டிகிரி தவறினாலே கணக்கு மாறிவிடும்.

இதைச் சோதிக்க, பிபிஎன் என்ற ரசாயனத்தை எலிகளின் குடிநீரில் மாதக்கணக்கில் கலந்து கட்டியை வரவழைக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். சின்ன உடம்பில் பையைச் சூடாக்கப் போனால் பக்கத்திலிருக்கும் மலக்குடலும் சூடேறும், மொத்த உடல் வெப்பமும் உயரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் கலந்த திரவத்தை எலியின் பைக்குள் விட்டு, மாறும் காந்தப்புலத்தால் அதைச் சூடாக்கினார்கள். சூடு பிறப்பதே பைக்குள் என்பதால் சுற்றுப்புறம் அவ்வளவு கொதிப்பதில்லை. அருமையான வழி இது.

இன்னொரு தடையும் உண்டு. சூட்டில் தப்பிய செல், வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கி ஓரிரு நாள் சூட்டைத் தாங்கி நிற்கும். ஆகவே தினமும் சூடு வைப்பதால் பயன் குறைவு, இடைவெளி தேவை.

எலியில் கட்டியை நாம்தான் உண்டாக்குகிறோம். நாய்க்கு அது தானாகவே வருகிறது. ஸ்காட்டிஷ் டெரியர் இனத்துக்கு மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம். அது பெரும்பாலும் தசைவரை ஊடுருவும் கட்டி, உட்பரப்போடு நிற்பதல்ல. இருந்தாலும் தானாக வருவது என்பதால், மனிதருக்கு முந்தைய சோதனையாக நான் நாயைத்தான் நம்புவேன்.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல இல்லை. 2003இல் வெளியான, 83 பேர் பங்கேற்ற ஆய்வில், மைக்ரோவேவ் சூட்டோடு மருந்து பெற்றவர்களில் கட்டி திரும்பியது சுமார் 17 சதவீதம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். சூடாக்கிய மருந்தைச் சுழலவிட்ட பிரிட்டன் ஆய்விலோ, 259 பேரிடம் கூடுதல் பயன் தெரியவில்லை. சுவரையே சூடாக்குவதும் மருந்தைச் சூடாக்கி ஓடவிடுவதும் ஒன்றல்ல. சுவரில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதை அளந்து சொல்லாத ஆய்வை, விலங்கில் நடந்தாலும் மனிதரில் நடந்தாலும், முழுதாக ஏற்க முடியாது.

வீட்டில் வெந்நீர்ப் பை வைத்து இந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். வலியே இல்லாமல் சிறுநீரில் ஒருமுறை ரத்தம் வந்தாலும் சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள்.