மறையாத சூரியனும் தானாகுளத்து இரவும்

குற்றம் இருட்டில் நடக்கும், அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது துப்பறிவாளர் வேலை என்பது குற்றப் படங்களின் நெடுநாளைய வழக்கம். எரிக் ஷோல்ட்பியார்க் இயக்கி 1997-இல் வெளிவந்த ‘இன்சோம்னியா’ என்ற நோர்வே திரைப்படம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. தூக்கமின்மை என்னும் கோளாற்றின் பெயரைத் தாங்கிய இப்படத்தின் கதை, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, மே மாதப் பிற்பகுதி முதல் ஜூலைப் பிற்பகுதி வரை சூரியன் மறையவே மறையாத ட்ரோம்சோ நகரில் நடக்கிறது. இருள் கவியும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. கண்ணில் ஒளி பட்டால் அந்தச் சுரப்பு அடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, பகல் வெளிச்சத்தில் உறக்கம் பிடிக்காமல் புரள்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் கொலையை விசாரிக்க வரும் ஸ்வீடன் நாட்டுக் காவல் அதிகாரி யோனாஸ் எங்ஸ்ட்ரோம் (ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்ட்), கொலையாளியைத் துரத்தும்போது மூடுபனியில் ஆள் தெரியாமல் தம் சக அதிகாரியையே சுட்டுக் கொன்றுவிடுகிறார். நோர்வேக் காவலர்கள் அன்றாடப் பணியில் துப்பாக்கி ஏந்தாதிருந்த அக்காலத்தில், இவரோ ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியால் சுட்டிருக்கிறார். ஆகவே பழியைக் கொலையாளி மீது போட்டுவிட்டு, தடயத்தை மாற்ற முற்படுகிறார். அவர் சுட்டதைக் கண்ட ஒரே சாட்சியோ அந்தக் கொலையாளிதான்.

இக்கதையை 2002-இல் கிறிஸ்டோபர் நோலன் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கு மாற்றி, அல் பசினோ, ராபின் வில்லியம்ஸ், ஹிலாரி ஸ்வாங்க் ஆகியோரை வைத்து மறுஆக்கம் செய்தார். கதைப்போக்கு பெரும்பாலும் அதுவே என்றாலும், இரு படங்களும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு சந்துக் காட்சி காட்டிக்கொடுக்கிறது. இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த தோட்டாவுக்குப் பதிலாக வேறொரு துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட தோட்டா வேண்டும், அதுவும் உடலில் பாய்ந்து வெளிவந்ததாக இருக்க வேண்டும் என்பதால், நோர்வேப் படத்தின் அதிகாரி உயிருள்ள ஒரு நாயைச் சுட்டுத் தோட்டாவைத் தோண்டி எடுக்கிறார். அமெரிக்கப் படத்தில் அந்த நாய் முன்பே செத்துக் கிடக்கிறது. பார்வையாளர் நாயகனை வெறுத்துவிடக் கூடாது என்ற கவலை இந்தச் சிறு மாற்றத்திலேயே தெரிகிறது.

மூலப்படத்தின் எங்ஸ்ட்ரோம் இளம்பெண்களிடம் அத்துமீறுபவர். மறுஆக்கத்தின் வில் டோர்மரோ, குற்றவாளி தப்பிவிடக் கூடாதென்று முன்னொரு வழக்கில் பொய்த்தடயம் வைத்தவர். அதைத் துறையின் உள்விசாரணைப் பிரிவிடம் சொல்லிவிடக்கூடியவராக இருந்த சக அதிகாரியே குண்டுக்கு இரையானதால், தாம் தவறிச் சுட்டோமா வேண்டுமென்றே சுட்டோமா என்று அவருக்கே விளங்காமல் போகிறது. இந்த ஐயம் மூலத்தில் இல்லாத நல்ல சேர்க்கை. ஆனால் முடிவில் டோர்மர் உண்மையை ஒப்புக்கொண்டு, தடயமான வெற்றுத் தோட்டா உறையை வீசியெறியப்போன இளம் பெண் அதிகாரியைத் தடுத்து, அங்கேயே இறந்துபோகிறார், கணக்கு நேராகிறது. நோர்வேப் படத்தில் உண்மையை ஊகித்துவிட்ட பெண் அதிகாரி அந்த உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போக, எங்ஸ்ட்ரோம் தண்டனையின்றி ஊர் திரும்புகிறார். மறுஆக்கம் தொழில்நேர்த்தியில் குறைந்ததன்று. துணிவில் மூலமே ஒருபடி மேல்.

மெய்யான குற்றம் ஒன்றைத் திரைக்கதையாக்குவதும் ஒருவகை மறுஆக்கந்தான். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம், திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், தம் வீட்டிலேயே கொள்ளையரால் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையோரத் தனி வீடுகளில் இரவில் நுழைந்து கொன்று கொள்ளையடித்து வந்த வடமாநிலக் கும்பலை, எஸ். ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை தேடிப் பிடித்தது. பவாரியா வழக்கு என்று பெயர்பெற்ற இவ்விசாரணையை அடிப்படையாகக் கொண்டு ஹெச். வினோத் இயக்கிய ‘தீரன் அதிகாரம் ஒன்று’ 2017 நவம்பரில் வெளிவந்தது. விரல் ரேகைப் பதிவுகளோடு மாநிலம் மாநிலமாக அலையும் காவலர்களின் சலிப்பும், போதிய ஆளும் பணமும் இன்றி அவர்கள் படும் பாடும் தமிழ்த் திரையில் அரிதாகவே இவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன.

ஆயினும் நாயகன் தீரனிடம் சிறு கறையும் கிடையாது. எங்ஸ்ட்ரோம் சுமந்த பழியைத் தமிழ்ப் படத்தில் ஒரு பங்கு துறையின் அலட்சியமும், பெரும்பங்கு கும்பல் பிறந்த பவாரியா சமூகமும் சுமக்கின்றன. கொலைகள் மெய், உறவுகளை இழந்த குடும்பங்களின் துயரமும் மெய். ஆனால் ஆங்கிலேய அரசு 1871-இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டு, 1952-இல் நாடு முழுவதும் நீக்கப்பட்ட பின்னும் அதன் பார்வை நீங்காதிருக்கையில், ஒரு கும்பலின் கொடுமைக்கு அதன் குலமரபைக் காரணம்போலக் காட்டுவது அந்தப் பட்டியலுக்கே உயிரூட்டுவதாகும் என்று படம் வெளிவந்தபோது எழுந்த கண்டனம் நியாயமானது. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வேலை செய்கிறார்கள். இப்படத்தைப் பார்த்துத் திரும்பும் உள்ளூர்க்காரருக்கு அடுத்த அறையில் குடியிருக்கும் அந்த வடமாநிலத்தவர் எப்படித் தென்படுவார் என்ற கேள்வியைத் திரைக்கதை எந்த இடத்திலும் கேட்டுக்கொள்வதில்லை.