குப்பியில் இருப்பது மருந்தா, மயக்கமா?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வருகையில், நண்பர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்துச் சென்றார். அவருடைய ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை, இரவில் உறக்கமில்லை, ஆவேசம் வந்தால் தன் கையையே கடித்துக் கொள்கிறான். சட்டைப் பையிலிருந்து சிறிய குப்பியொன்றை எடுத்துக் காட்டினார். "கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சி.பி.டி. எண்ணெயாம், பாய். தந்தால் பிள்ளை அமைதியாவான் என்கிறார்கள். மார்க்கம் இதை அனுமதிக்கிறதா?" என்று கேட்டார்.

அவர் கண்களில் பல நாள் உறங்காத களைப்பு தெரிந்தது. அப்படிப்பட்டவரிடம் 'ஹராம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அது நீதியாகாது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று பணித்த மார்க்கம் நம்முடையது. மயக்கம் தரும் யாவற்றையும் விலக்கியதும் அதே மார்க்கந்தான். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தவிப்பவருக்குத் தெளிவான விளக்கம் தேவை.

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவர்கள் அல்லர். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ அவர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் கஞ்சாவைப் பற்றித் தனி நூல் இயற்றி, அதன் போதை விலக்கப்பட்டதே என நிறுவினார்கள். எனினும், வேறு வழியில்லாத நிலையில், நம்பத்தக்க மருத்துவரின் சொற்படி, போதை தரும் தாவரத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த இடமுண்டு என்று கூறிய சட்ட அறிஞர்களும் உளர். 15ஆம் நூற்றாண்டில் அல்-பத்ரீ எழுதி வைத்த செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. பக்தாதில் கலீஃபாவின் அவையைச் சேர்ந்த உயர் அலுவலரின் மகன் ஒருவர் வலிப்பு நோயால் வாடினார். கவிஞர் ஒருவர், அவர் தயங்கியபோதும், கஞ்சாவை மருந்தாக உட்கொள்ளச் செய்தார். வலிப்பு நின்றது, ஆனால் அதன்பின் அம்மருந்தின்றி ஒரு பொழுதும் அவரால் இருக்க இயலவில்லை!

இன்றைய அறிவியல் அச்செடியின் கூறுகளைப் பிரித்துக் காட்டுகிறது. போதை தருவது டி.எச்.சி. என்னும் பொருள். சி.பி.டி. போதை தருவதில்லை. தூய்மையாக்கப்பட்ட சி.பி.டி. மருந்துக்கு 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் எதற்கு? குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு. 2020இல் மூன்றாவதாக மற்றொன்றுக்கு. ஆட்டிசத்துக்கு அன்று.

ஆட்டிசத்திற்கான ஆய்வு நடக்காமலில்லை. 5 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. அதில் தரப்பட்ட செடிச் சாற்றில் சிறிதளவு டி.எச்.சி.யும் இருந்தது. அதைப் பெற்றவர்களில் 49 சதவீதத்தினரின் முரட்டு நடத்தை நன்கு தணிந்ததாக மருத்துவர்கள் மதிப்பிட்டனர். மருந்தே கலவாத எண்ணெய் பெற்றவர்களிலும் 21 சதவீதத்தினர் அவ்வாறே தணிந்தனர்! வேறு சில அளவுகோல்களிலோ வேறுபாடு தென்படவில்லை. தூக்கக் கலக்கமும் பசிக்குறைவும் சிலருக்கு நேர்ந்தன. ஆகவே, நம்பிக்கைக்கு இடமுண்டு. உறுதிக்கு இன்னும் இடமில்லை.

இனி, குப்பிக்கு வருவோம். அமெரிக்காவில் இணையவழி விற்பனையான 84 சி.பி.டி. பொருள்களை ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். சீட்டில் எழுதிய அளவு சரியாக இருந்தவை 31 சதவீதமே. 18 பொருள்களில் டி.எச்.சி. கண்டறியப்பட்டது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூக்களையும் பிசினையும் தடுக்கிறது. தனித்த இலைக்கு அத்தடை இல்லை. அவ்வாறு இலையிலிருந்து எடுத்துச் செய்யும் ஆயுர்வேத மருந்தையும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும் என்பது விதி.

எனவே, 'ஹலாலா?' என்ற கேள்வியும் 'பயன் தருமா?' என்ற கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: குப்பியில் இருப்பது என்ன, அதைத் தரச் சொன்னவர் யார்? விற்பவரின் சொல் மருத்துவரின் சொல்லாகாது.

நண்பரிடம் மேலும் ஒன்று கேட்டோம்: "பிள்ளைக்கு வேறு மருந்து தருகிறீர்களா?" வலிப்புக்காக வால்புரோயேட் தருவதாகச் சொன்னார். நாம் திடுக்கிட்டோம். அம்மருந்துடன் சி.பி.டி. சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகும். பெரியவர்களாயின் தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்பார்கள். பேச்சு வராத பாலகன் யாரிடம் சொல்வான்? அவன் அடங்கிக் கிடப்பதைக் குணமென்று நாம் மகிழ்ந்துவிடக் கூடுமல்லவா?

அப்படியாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? உறக்கமின்மைக்கும் ஆவேசத்துக்கும் காரணம் பல நேரங்களில் பல்வலியாக, மலச்சிக்கலாக, கவனிக்கப்படாத வலிப்பாக இருக்கும். முதலில் அதைக் கண்டறிய வேண்டும். கடலூர்க்காரருக்குப் புதுவை ஜிப்மர் மருத்துவமனை தொலைவில் இல்லை. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறனாக ஏற்றுள்ளது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஓர் இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. சி.பி.டி. குறித்து இன்னும் எண்ணமிருப்பின், குப்பியையும் மற்ற மருந்துச் சீட்டுகளையும் மறைக்காமல் மருத்துவர் முன் வையுங்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். பள்ளியில் அப்பிள்ளை சத்தமிட்டால் முகம் சுளியாதீர்கள். அத்தாய் ஓரிரவு உறங்க, உறவினர் யாரேனும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவும் பெரிய சிகிச்சையே.

நண்பர் குப்பியை மீண்டும் பையில் வைத்துக்கொண்டு, திங்களன்று காலையில் புதுவைக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று விசாரித்தார்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.